12 புத்தகமும் ஒரு காவலும்: ‘வேம்பயர் அகாடமி’ படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். “அக்கா, நீ சொல்லிட்டே இருப்பியே அந்த வேம்பயர் புக்கு, அது எதுல இருந்து ஆரம்பிக்கணும்? ஆன்லைன்ல பார்த்தா பன்னெண்டு காட்டுது” என்றாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். ஆங்கில நாவல் ஒன்றைக்கூட இதுவரை கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. அவளுக்கு முக்கால் மணி நேரம் போனில் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்துகொண்டு இந்தத் தொடரைப் படிக்க நினைக்கிற யாருக்கும் இது பயன்படும்.

ரிச்செல் மீட் எழுதிய தொடர் இது. முதல் புத்தகம் 2007இல் வந்தது, ஆறாவது 2010இல். அதோடு முடிந்துவிடவில்லை. அதே உலகத்தில், வேறொரு பெண்ணை நடுவில் வைத்து ‘பிளட்லைன்ஸ்’ என்ற பெயரில் இன்னும் ஆறு புத்தகங்கள் 2011இலிருந்து 2015 வரை வந்தன. ஆக மொத்தம் 12. நான் இரண்டு வரிசையையும் முழுதாக இரண்டு முறை படித்திருக்கிறேன். மூன்றாம் முறை இப்போது நடக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் தடுக்கி விழுந்து பாதியில் மூடியவர்களை எனக்குத் தெரியும்.

மொரோய் என்பவர்கள் உயிருள்ள வேம்பயர்கள். பிறக்கிறார்கள், வளர்கிறார்கள், வயதாகிச் சாகிறார்கள். ரத்தம் குடிப்பார்கள், ஆனால் அதற்காக யாரையும் கொல்ல மாட்டார்கள். மண், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கில் ஏதாவது ஒன்றில் ஒவ்வொருவருக்கும் மந்திரம் கைவரும். வெயில் அவர்களுக்கு ஒத்துவராது, ஆனால் சாகடிக்காது.

ஸ்ட்ரிகோய் என்பவர்கள் செத்த வேம்பயர்கள். யாராவது கொன்றால் தவிரச் சாவு கிடையாது, இரக்கம் கிடையாது, மந்திரமும் கிடையாது. கண்மணியைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருக்கும். அசுர வேகம். யாரும் ஸ்ட்ரிகோயாகப் பிறப்பதில்லை, மாறுவதுதான். ஒரு மொரோய் குடிக்கும்போது வேண்டுமென்றே ஆளைக் கொன்றால் ஸ்ட்ரிகோய் ஆகிவிடுவான். இன்னொரு ஸ்ட்ரிகோய் வலுக்கட்டாயமாக மாற்றவும் முடியும். மொரோய் ரத்தம்தான் இவர்களுக்கு ரொம்பப் பிடித்தது.

டாம்பீர் என்பவர்கள் பாதி மனிதர், பாதி வேம்பயர். மனிதரைவிடப் பலமும் வேகமும் உண்டு, ரத்தம் தேவையில்லை. மொரோய்களை ஸ்ட்ரிகோய்களிடமிருந்து காப்பதுதான் இவர்கள் வேலை. கதை சொல்லும் ரோஸ் ஹாத்தவே ஒரு டாம்பீர். அவள் காக்க வேண்டிய தோழி லிசா டிராகோமிர் ஒரு மொரோய்.

இந்த மூன்றையும் தமிழில் ‘ரத்தக் காட்டேரி’ என்று ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் காட்டேரி என்றால் பூசை போட்டுக் கும்பிடுகிற தெய்வம். அந்த நினைப்போடு போனால் லிசாவைக் கண்டு பயந்துகொண்டே இருப்பீர்கள். பயப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை. ஒரு சீட்டில் மூன்று சொல்லையும் எழுதி முதல் பக்கத்தில் செருகி வையுங்கள். நூறு பக்கம் போனதும் சீட்டு தேவைப்படாது.

புத்தகம் எங்கே கிடைக்கும்

ஆன்லைனில் வாங்கலாம், கிண்டிலில் படிக்கலாம். ஆங்கிலம் பழகாதவர்களுக்கு முதல் புத்தகத்தை மட்டும் கிண்டிலில் படிக்கச் சொல்வேன். சொல்லின் மேல் விரலை வைத்தால் பொருள் வந்துவிடும். போனில் அந்த ஆப் இருந்தாலே போதும். வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கங்களை இலவசமாக இறக்கிப் படித்துப் பாருங்கள்.

காகிதம்தான் வேண்டும் என்றால் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம், காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தருமபுரிப் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் ஆங்கில நாவல்கள் குவித்திருக்கும் ஸ்டால்களை விடாதீர்கள். பின்வரிசையில் இருப்பதையும் இழுத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் பிளஸ் டூ முடித்த விடுமுறையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை பிடித்துப்போய் ஒரு புத்தகத்தை எடுத்தேன். எத்தனையாவது என்று அட்டையில் போடவில்லை. கடைக்காரரைக் கேட்டதற்கு, எதைப் படித்தாலும் தனிக்கதைதான் என்றார். அது மூன்றாவது புத்தகம். அதன் கடைசி அத்தியாயங்களில் நடப்பது இந்தத் தொடரிலேயே பெரிய அடி. முன்னால் இரண்டு புத்தகம் படித்து அந்த மனிதர்களோடு பழகியிருந்தால் அழுதிருப்பேன். ஒன்றும் தெரியாமல் படித்ததால், சரி, ஏதோ நடந்தது என்று தாண்டிப் போனேன். அந்த அடியை முதல்முறையாக வாங்கும் வாய்ப்பு எனக்குத் திரும்பக் கிடைக்காது.

அதனால் வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வேம்பயர் அகாடமி, ஃப்ராஸ்ட்பைட், ஷேடோ கிஸ், பிளட் பிராமிஸ், ஸ்பிரிட் பவுண்ட், லாஸ்ட் சாக்ரிஃபைஸ். ஒன்றுகூட முன்னே பின்னே வேண்டாம்.

முதல் அத்தியாயத்தை எப்படிப் படிப்பது

இரண்டு முறை படியுங்கள். முதல்முறை வேகமாக, எதையும் தேடாமல். மொரோய்களும் டாம்பீர்களும் படிக்கிற அகாடமியை விட்டு ஓடிப்போய் இரண்டு வருடமாக ஒளிந்து வாழ்கிற இரண்டு பெண்கள் அமெரிக்காவில் போர்ட்லாண்டில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். நடு ராத்திரியில் லிசா கெட்ட கனவில் துடிக்கிறாள், ரோஸ் எழுப்புகிறாள். கொஞ்ச நேரத்தில் காவலர்கள் வந்து இருவரையும் பிடித்து மொன்டானாவில் உள்ள செயின்ட் விளாடிமிர் அகாடமிக்குக் கொண்டுபோகிறார்கள். இவ்வளவு புரிந்தால் போதும்.

இரண்டாம் முறை மெதுவாக. இப்போது கையில் பென்சில் இருக்கட்டும்.

பென்சில் எதற்கு? கதை முழுக்க ரோஸ் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு போகிறாள். ஆனால் அவளுக்கும் லிசாவுக்கும் நடுவில் ஒரு பிணைப்பு உண்டு. லிசாவின் பயமும் சந்தோஷமும் ரோஸுக்குத் தெரியும். சில நேரம் ரோஸ் அப்படியே லிசாவின் தலைக்குள் போய்விடுவாள். ரோஸ் தன் அறையில் படுத்திருப்பாள், அடுத்த பத்தியில் தேவாலயத்தின் மாடியில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் படிக்கிறவர் இங்கேதான் குழம்புவார். அப்படி ரோஸ் உள்ளே போகும் இடத்தில் பக்கத்து ஓரத்தில் ஒரு கோடு இழுங்கள், வெளியே வருகிற வரைக்கும். நாலைந்து கோடு இழுத்தபின் கண்ணே பழகிவிடும். இந்தப் பிணைப்பு ஒருவழிதான் என்பதையும் கவனியுங்கள். லிசாவுக்கு ரோஸின் மனசுக்குள் வர முடியாது. காக்கிறவளுக்கு எல்லாம் தெரிகிறது. காக்கப்படுகிறவளுக்குத் தோழி என்ன நினைக்கிறாள் என்று தெரியாது. பின்னால் வரும் பல சண்டைகளுக்கு வேர் இதில் இருக்கிறது.

சொற்களுக்கு வருவோம். இது பதினேழு வயதுப் பெண் பேசுகிற ஆங்கிலம். வாக்கியங்கள் சின்னவை. தெரியாத சொல் வந்தால் நிற்காதீர்கள். மூன்றாம் முறையும் அதே சொல் வந்தால் மட்டும் பொருள் பாருங்கள். நான் கிருஷ்ணகிரி ஓசூர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில்தான் படிப்பேன். ஒரு நடைக்கு இருபது பக்கம். முதல் புத்தகம் முடிய இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

பெயர்களை நினைத்துப் பயப்பட வேண்டாம். மொரோய்களில் அரச குடும்பங்கள் மட்டும் 12. நான்கை நினைவில் வைத்தால் முதல் மூன்று புத்தகத்துக்குப் போதும்: டிராகோமிர், டாஷ்கோவ், ஓசெரா, இவாஷ்கோவ். டிராகோமிர் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது லிசா ஒருத்திதான். பெற்றோரும் அண்ணனும் கார் விபத்தில் போய்விட்டார்கள். அந்த வயதில் மற்ற மொரோய்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு மந்திரம் பிடிபட்டிருக்க, லிசாவுக்கு மட்டும் எதுவும் பிடிபடவில்லை. ஏன் என்பதுதான் முதல் புத்தகத்தின் முடிச்சு.

எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பலர் இந்தத் தொடரை ரோஸுக்கும் அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற காவலன் டிமிட்ரிக்கும் நடுவில் வரும் காதலுக்காகப் படிக்கத் தொடங்குகிறார்கள். காதல் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் காதலை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆறு புத்தகம் இழுக்காது. அவர்கள் சேர்ந்திருக்கும் பக்கங்களைவிடப் பிரிந்திருக்கும் பக்கங்கள் அதிகம். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது காவலை.

டாம்பீர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வாசகம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள்தான் முதல், அதாவது மொரோய்கள். அவர்களுக்கு அப்புறம்தான் நீ. ரோஸ் இதை முழுசாக நம்பித்தான் கதைக்குள் வருகிறாள். அந்த நம்பிக்கைக்கு என்ன விலை கொடுக்கிறாள், எங்கே கேள்வி கேட்கிறாள் என்பதே 6 புத்தகத்தின் ஓட்டம்.

எனக்கு இது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் மாமாவுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லை. கதிர் முற்றுகிற மாதங்களில் யானை இறங்கும். மரத்தின் மேல் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். பத்து வயதில் ஒருநாள் அடம்பிடித்து நானும் ஏறினேன். சண்டை, சத்தம், தீப்பந்தம் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் நடக்கவில்லை. குளிர். போர்வைக்குள் இருந்த டார்ச்சின் இரும்பு வாசம். மாமா இருட்டைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் கொடுத்திருந்தார். ஒரு கிளை முறியும் சத்தத்துக்கு அவர் முதுகு நிமிர்ந்தது மட்டும் இன்னும் கண்ணில் இருக்கிறது. “தூங்குறவங்க தூங்கட்டும்னுதான் நாம முழிச்சிருக்கோம்” என்றார். காலையில் ஊர் எழும்போது அவர் படுக்கப் போனார்.

செயின்ட் விளாடிமிர் அகாடமியும் அப்படித்தான். சூரியன் விழுந்தபின் பள்ளி தொடங்கும், விடியும்போது விளக்கணைப்பார்கள். சண்டைக் காட்சிகளைவிட, ரோஸ் ஒரு அறைக்குள் நுழைந்ததும் கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை என்று எண்ணுகிற இடங்களைப் பாருங்கள். டிமிட்ரி சுவரோரமாகக் கூட்டத்தை அளந்துகொண்டே நிற்பதைப் பாருங்கள். இரண்டு வருடப் பயிற்சியைத் தவறவிட்ட ரோஸுக்கு அவன் முதலில் கத்தியைக் கொடுப்பதில்லை, மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறான். அந்த மனிதன் ஓய்வில் படிப்பது அமெரிக்கக் கௌபாய் நாவல்கள். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் எழுத்தாளர் என்னைப் பிடித்துப்போட்டார்.

இன்னொன்றையும் செய்யுங்கள். முதல் புத்தகம் முடித்ததும் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். பாதி ஊர்களில் அதற்குக்கூடப் போக வேண்டியதில்லை, வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லே நடுகல்தான். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று அந்தக் கற்கள் பலவற்றில் வெட்டியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து மீட்கும்போது செத்தவனுக்கு வைத்த கல். டாம்பீர் காவலர்கள் ஒவ்வொரு ஸ்ட்ரிகோயைக் கொல்லும்போதும் பின்கழுத்தில் மின்னல் போன்ற ஒரு சின்னத்தைப் பச்சை குத்துகிறார்கள், மோல்னியா என்று பெயர். அதற்காகவே முடியைத் தூக்கிக் கட்டுகிறார்கள். நம் வீரனுக்குச் செத்தபின் கல், அவர்களுக்கு இருக்கும்போதே கழுத்தில் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பச்சை குத்தும் காட்சிகளில் ஏன் யாரும் கைதட்டி ஆரவாரம் செய்வதில்லை என்று எனக்குப் புரிந்தது.

புத்தகம் புத்தகமாக

இரண்டாவது புத்தகம் பனிமலை விடுதியில் நடக்கிறது. ரோஸின் அம்மா ஜானைன் இதில் வருகிறாள். பேர்பெற்ற காவலர், மகளைச் சின்ன வயதிலேயே அகாடமியில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவள். டாம்பீர்ப் பெண்களில் பலர் குழந்தை பிறந்ததும் காவலை விட்டுவிடுவார்கள், இவள் விடவில்லை. அம்மாவும் மகளும் முதல்முறை மோதும்போது ரோஸுக்குக் கண் வீங்கிக் கறுத்துவிடுகிறது. வேலைக்குப் போகிற அம்மாவிடம் வளர்ந்தவர்கள் இந்தப் புத்தகத்தை இரண்டாம் தடவை படிப்பார்கள்.

மூன்றாவதைத் தொடங்கும்போதே நான்காவது உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இதற்கு மேல் காரணம் சொல்ல மாட்டேன்.

நான்காவது பலரும் நின்றுபோகிற இடம். கதை அகாடமியை விட்டு ரஷ்யாவுக்கு, சைபீரியா வரைக்கும் போய்விடுகிறது. பழகிய ஆட்கள் பாதிப்பேர் இல்லை. நடுவில் ஒரு நூறு பக்கம் மூச்சு முட்டும், ரோஸுக்கு முட்டுவதால் நமக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கீழே வைத்துவிடாதீர்கள். டிமிட்ரியின் குடும்பத்தை நாம் பார்ப்பது இதில்தான். சிட்னி சேஜ் என்ற மனிதப் பெண் வருவதும் இதில்தான். கன்னத்தில் தங்க லில்லிப் பூ பச்சை குத்தியவள். அவளை நன்றாகப் பார்த்து வையுங்கள்.

ஐந்தும் ஆறும் அரசவை அரசியல். விறுவிறுவென்று போகும்.

பெற்றோருக்கும் அக்காமார்களுக்கும்

பதினான்கு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். ரத்தமும் சாவும் மட்டும் காரணமில்லை. லிசா மனச்சோர்வில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் இடங்கள் முதல் புத்தகத்தில் உண்டு. அந்த நிலையில் இருக்கிற பிள்ளையென்றால் முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு பேசுங்கள். அப்புறம், ரோஸுக்குப் பதினேழு, டிமிட்ரிக்கு இருபத்து நான்கு. அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இருப்பவன். இது தவறு என்று கதையிலேயே அவன் சொல்லித் தள்ளி நிற்கப் பார்க்கிறான், ஆனாலும் கதை அவர்களைச் சேர்க்கத்தான் ஆசைப்படுகிறது. எனக்குப் பிடித்த தொடர் என்பதற்காக நான் இதை மறைக்க மாட்டேன். என் சித்தி மகளிடமும் சொன்னேன்: கதையில் படி, ஆனால் நிஜத்தில் ஒரு வாத்தியார் இப்படிப் பழகினால் வீட்டில் வந்து சொல்.

படமும் சீரியலும்

2014இல் ஒரு படம் வந்தது, ஸோயி டாய்ச் ரோஸாக நடித்தார். ரோஸின் வாய்த்துடுக்கு அதில் இருக்கிறது, பாரம் இல்லை. 2022இல் ஒரு வெப் சீரிஸ் வந்தது. 10 எபிசோடு, ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். அதில் கதையை ரொம்ப மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள். முன்னால் பார்த்தால் அந்த முகங்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் மிகவும் கஷ்டம் என்பவர்களுக்கு முதல் மூன்று புத்தகங்களும் சித்திரக் கதையாக வந்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருவது தப்பில்லை.

ஆறு முடிந்ததும்

உடனே ‘பிளட்லைன்ஸ்’ எடுக்காதீர்கள். ஒரு மாதம் விடுங்கள். ரோஸின் குரல் காதிலிருந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் சிட்னியின் குரல் சப்பென்று இருக்கும். ரோஸ் முதலில் அடித்துவிட்டு அப்புறம் யோசிப்பவள். சிட்னி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு யோசித்து, காபி குடித்து, அப்புறமும் தயங்குபவள். வேம்பயர் என்றாலே தீயது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், ஒரு வேம்பயர் பெண்ணோடேயே ஒரே அறையில் தங்க நேர்கிறது. அந்தப் பயம் அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழல்வதைப் பார்க்கும்போது, முதல் வரிசையைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

அந்த வரிசை: பிளட்லைன்ஸ், தி கோல்டன் லில்லி, தி இண்டிகோ ஸ்பெல், தி ஃபயரி ஹார்ட், சில்வர் ஷேடோஸ், தி ரூபி சர்க்கிள். முதல் மூன்றும் சிட்னி சொல்வது. நான்காவதிலிருந்து ஏட்ரியன் இவாஷ்கோவ் என்ற மொரோயும் அவளோடு மாறி மாறிச் சொல்வான். அத்தியாயத் தலைப்பிலேயே யார் பேசுகிறார்கள் என்று பெயர் போட்டிருக்கும், பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இங்கே பென்சில் கோடு தேவையில்லை.

என் முதல் புத்தகம் இப்போது பாலக்கோட்டில் இருக்கிறது. ஓரமெல்லாம் என் பழைய கோடுகள். அவள் தன் பங்குக்குப் பச்சைப் பேனாவில் போட ஆரம்பித்திருக்கிறாள். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: “அக்கா, லிசா ஏன் ரோஸ்கிட்ட சொல்லாம மறைக்கிறா?” எத்தனையாவது பக்கம் என்று மட்டும் கேட்டேன், பதில் சொல்லவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை போகும்போது எடுத்துக்கொண்டு போகப் பையில் வைத்திருக்கிறேன்.